கரையோரத்துப் பொது நிலம்: முடிவெடுப்பதற்கு முன்

(அன்னூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடற்கரையை ஒட்டிய உள்ளாட்சி நிலங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், அழைப்பிதழ் கொடுக்க வந்த நண்பர்கள் கேட்டார்கள்: "ஏனுங்க ஐயா, நம்மூர்ல கடல் எங்கீங்க இருக்குது?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொழிற்பூங்கா அமைப்பதற்காக அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் 3,862 ஏக்கர் என்று அரசாணை வந்தது. குப்பனூர், பொகலூர், வடக்கலூர், அக்கரை செங்கப்பள்ளி என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டீர்கள். பெண்கள் கைக்குழந்தையோடு வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். அந்த டிசம்பரிலேயே, ஏற்கெனவே தனியார் நிறுவனங்களின் கையில் இருக்கும் 1,630 ஏக்கரை மட்டும் எடுத்துக்கொள்வோம், விவசாயிகள் தாமாக முன்வந்து கொடுத்தால் ஒழிய அவர்கள் நிலத்தைத் தொடமாட்டோம் என்று அரசு அறிவித்தது.

அந்தப் போராட்டம் ஏன் நிலைத்து நின்றது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பட்டாதாரர் இருந்தார். அவர் கையில் பத்திரம் இருந்தது, வில்லங்கச் சான்று இருந்தது, கிணறு இருந்தது, கிணற்றுக்கு மின் இணைப்பு இருந்தது. "இது என் நிலம்" என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுந்து நின்று சொல்ல ஆள் இருந்தது. பொது நிலத்துக்குப் பட்டாதாரர் கிடையாது. மந்தைவெளிக்கு, குளத்தோரத்துக்கு, ஓடைக்கரைக்கு, கடலோரத்து மணலுக்கு ஒரு திட்டம் வருகிறபோது யாருக்கு நோட்டீஸ் கொடுப்பது? அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கிறவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. நான் இன்று பேசுவது இந்த ஒரு குறையைப் பற்றித்தான். கடலோரத்தில் அது பளிச்சென்று தெரிகிறது. அதனால் கடலோரத்துக்குப் போகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வழிந்தோடும் வெள்ள நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிற திட்டம். அந்த ஆறில் கடைசி நிலையம் இந்த அன்னூரில்தான் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு மேல் கேட்டுக் கேட்டு வாங்கிய தண்ணீர். குளத்தில் தண்ணீர் நிற்கத் தொடங்கினால் கரையோரத்து நிலத்துக்கு மதிப்பு ஏறும். வறண்டு கிடந்த குளத்தின் ஓரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இனிமேல் பார்ப்பார்கள். படகுத் துறை, உணவகம், வாகன நிறுத்தம், வணிக வளாகம் என்று திட்ட அறிக்கைகள் வரும். எல்லாமே கெட்டவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வருவதற்கு முன்பே நாம் தயாராக இருக்க வேண்டும்.

சரி, சென்னைக்குப் போவோம்.

மெரினாவைப் பார்க்காதவர்கள் இந்த அவையில் குறைவாகத்தான் இருப்பார்கள். அவ்வளவு அகலமான மணல் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1870-களில் கடல் இப்போதைய காமராசர் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. அந்தப் பத்தாண்டில்தான் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கடலுக்குள் நீண்ட கற்சுவர் எழுந்ததும், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. தெற்குப் பக்கம் வருஷா வருஷம் மணல் சேர்ந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் அங்கே உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். ஆனால் தெற்கே நின்றுவிட்ட மணல் வடக்கே போயிருக்க வேண்டிய மணல். அது போகாததால் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரித்தது. வடசென்னை மீனவர் தெருக்களைக் கடல் தின்றது. இன்றைக்கும் அந்தப் பக்கம் முழுக்கப் பாறாங்கல் கொட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

அரசுக்கு மிச்சமாகக் கிடைத்த நிலம் என்று மெரினாவைச் சொல்வதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கரையில் சேர்ந்தது இன்னொரு கரையிலிருந்து எடுத்தது. இழந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் யாரும் இழப்பீடு கொடுத்ததாகவும் தெரியவில்லை, கேட்டதாகவும் தெரியவில்லை.

கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, பட்டினப்பாக்கம் நோக்கிப் போகிற கடலோரத்தில் நொச்சிக்குப்பம், டூமிங் குப்பம், முள்ளிக்குப்பம் என்று மீனவக் குடியிருப்புகள் வரிசையாக இருக்கின்றன. விடியற்காலை அங்கே போய் நின்றால் கண்ணுக்கு வேலை அதிகம். ஃபைபர் படகுகள் அலையைத் தாண்டி மணலில் ஏறுகின்றன. வலையோடு மீனைக் கொட்டுகிறார்கள். பெண்கள் சுற்றி நின்று ஏலம் எடுக்கிறார்கள். எடுத்த மீனை அலுமினிய அன்னக்கூடையில் தூக்கிக்கொண்டு இருபது முப்பது தப்படி நடந்து, அண்மைக்காலம் வரை சாலையோரத்தில் பலகை போட்டு, வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று பிரித்து வைத்தார்கள். பக்கத்திலேயே மீன் வெட்டிக் கொடுக்கிற பெண்கள் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடலிலிருந்து வாடிக்கையாளர் பைக்கு மீன் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. நடுவில் லாரி இல்லை, தரகர் இல்லை. நம் உழவர் சந்தையில் தக்காளி விற்கிற விவசாயிக்கு இதன் அருமை நன்றாகப் புரியும்.

அதே இடத்துக்கு மத்தியானம் ஒரு மணிக்குப் போங்கள். படகுகள் கவிழ்த்து வைத்தபடி கிடக்கும். மணல் கொதிக்கும். ஒரு தார்ப்பாயின் நிழலில் வயதானவர் ஒருவர் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலை முடிந்துகொண்டிருப்பார். அவ்வளவுதான். அலுவலக நேரத்தில் வந்து பார்க்கிற அதிகாரி எவரும் அந்த நேரத்தில் "இடம் காலியாக உள்ளது" என்றுதான் எழுதுவார். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதுவதில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறார். ஆனால் அந்த ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், பிறகு மேலே போகிற ஒவ்வொரு மேசையிலும் அதுதான் உண்மை. பெரிய திட்டங்கள் பலவற்றில் பாதித் தீர்ப்பு இந்த வரியிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சப் பாதிக்குத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுகிறார்கள்.

அந்தக் குப்பங்களுக்கு முன்னால் கிடந்த பாதை நாளடைவில் மாநகராட்சியின் அகலமான சாலையாயிற்று. அதைத்தான் லூப் ரோடு என்கிறார்கள். சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்க வாகனங்களை அதில் திருப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அது முழுநேர நகரச் சாலையாகவே ஆகிவிட்டது. கார்கள் வந்தபின், அதற்கு முன்பே அங்கே இருந்த மீன் பலகைகள் "போக்குவரத்துக்கு இடைஞ்சல்" ஆகிவிட்டன. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளையும் வலைகளையும் சாலையின் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பல நாள் பதற்றம். பிறகு, அங்கேயே மாநகராட்சி கட்டிவந்த நவீன மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு திறக்கப்பட்டது.

அங்காடி கட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். தண்ணீர் வசதி, கழிவுநீர் வடிகால், நிழல், கழிப்பறை என்று மீன் விற்கிற பெண்களுக்கு இவையெல்லாம் எப்போதோ கிடைத்திருக்க வேண்டியவை. என் வருத்தம் வரிசையைப் பற்றியது. முதலில் சாலை, பிறகு வாகனங்கள், பிறகு வழக்கு, பிறகு அகற்றம், பிறகு மறியல், கடைசியாக அங்காடி. அந்த நிலத்தை யார் யார், எந்த நேரத்தில், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று சாலை போடுவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்கும். சாலை வேண்டுமா என்பதையேகூட வேறு மாதிரி யோசித்திருப்பார்கள்.

அந்தக் கரைக்குப் பழைய ரணம் ஒன்றும் உண்டு. 1985-இல், கடற்கரையை அழகுபடுத்துவதற்காக மெரினாவிலிருந்து கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மீனவர்கள் உயிரிழந்தார்கள். கட்டுமரம் அழகுக்குக் குறைச்சல் என்று முடிவு செய்தது யார்? கடற்கரைக்குக் காற்று வாங்க வருகிறவர்களின் கண்ணுக்கு அது குப்பையாகப் பட்டது. மீனவருக்கு அது கலப்பை. கலப்பையை வயலிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்களோ, அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

சட்டம் மெள்ள மெள்ளத்தான் இதை ஒப்புக்கொண்டது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தில் என்ன கட்டலாம், என்ன கூடாது என்று வகுத்தது. 2011-இல் வந்த புதிய அறிவிக்கை மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பழுதுபார்க்கும் இடம், படகு கட்டும் இடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறிக்காமல் விட்டால் பெயர் சொல்லி என்ன பயன்? அதனால்தான் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்து இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டு தங்கள் கரையைத் தாங்களே அளந்து படம் போட்டார்கள். எங்கே படகு நிற்கும், எங்கே வலை காயும், எங்கே ஊர்க்கூட்டம் கூடும் என்பதெல்லாம் அதில் வந்தது. நான் பெரிதாக மதிக்கிற வேலை அது. அரசாங்கத்தின் புலப்படத்தில் இல்லாததை மக்கள் எழுதிச் சேர்த்தார்கள்.

வருவாய்த் துறையின் பதிவேடுகளோடு பல காலம் புழங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பழைய 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். குறிப்புக் கலத்தில் மந்தை, களம், வண்டிப்பாதை, ஓடை, மயானம், குளத்து உள்வாய் என்று எழுதியிருக்கும். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைக்கு அந்த நிலத்தில் ஆடு நின்றதும், சோளம் காய்ந்ததும், வண்டி போனதும் தெரிந்திருந்தது. அதனால் பயன்பாட்டை எழுதினார். பிற்காலத்தில் பதிவேடு கணினிக்கு வந்தபின் "அரசு புறம்போக்கு" என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிட்ட ஊர்கள் உண்டு. களம் வேறு, ஓடை வேறு என்பது திரையில் தெரிவதில்லை. ஒரு ஊரில் நான் பார்த்த கோப்பில், வகை மாற்றத்துக்கான முன்மொழிவில் "நிலம் எவ்விதப் பயன்பாட்டிலும் இல்லை" என்று இருந்தது. மாசி, பங்குனியில் அந்த நிலம் முழுக்க நிலக்கடலை காயும். கோப்பு எழுதியது ஐப்பசியில்.

இங்கே ஒரு நுணுக்கத்தையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தம் என்று நாம் சொல்கிற நிலங்கள் எல்லாம் ஒரே மாதிரி சொந்தம் அல்ல. விலை கொடுத்து வாங்கியது உண்டு, தானமாக வந்தது உண்டு, மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கித் தானப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தது உண்டு. இன்னும் பல, அரசுக்குச் சொந்தமாக இருந்து பராமரிப்புக்கு மட்டும் உள்ளாட்சியிடம் விடப்பட்டவை. கடைசி வகையை விற்கவோ மாற்றவோ மன்றத்துக்கு உரிமையே இல்லை. தானமாக வந்ததை, தந்தவர் சொன்ன காரியத்துக்கு அல்லாமல் வேறொன்றுக்குத் திருப்புவதும் சரியில்லை. ஆகவே ஒரு மன்றம் தன் நிலத்தை மிச்சம் என்று சொல்வதற்கு முன், அது எந்த வழியாகத் தன்னிடம் வந்தது என்று பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இதை இரண்டு தீர்ப்புகளில் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில், இமாச்சலத்தின் பியாஸ் ஆற்றங்கரை நிலத்தை ஒரு தங்கும் விடுதிக்குக் குத்தகை கொடுத்தது செல்லாது என்றது. ஆறு, கடற்கரை, காடு ஆகியவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களுக்காக வைத்துக் காக்கிற அறங்காவலர் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாபின் ஒரு கிராமத்துக் குளத்து நிலத்தை ஆக்கிரமித்தவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு நாடெங்கும் உள்ள கிராமப் பொது நிலங்களுக்குப் பொருந்தும்படி, ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அறங்காவலர் என்றால் என்ன பொருள் என்பதை நம் ஊர் மன்னீஸ்வரர் கோயில் திருப்பணிக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணக்கைக் காட்ட வேண்டும். கேட்டபோது காட்ட வேண்டும்.

பொது நிலத்தின் கணக்கைக் காட்ட வேண்டுமா என்ற கேள்வி கொழும்பிலும் வந்தது. காலி முகத்திடலை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆளுநர் ஹென்றி வார்டு 1859-இல் அந்தக் கடலோரத் திடலை உலாவும் இடமாக அமைத்து முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைப் பாதுகாத்து வரும்படி தமக்குப் பின் வருகிற ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு கல்லும் நட்டுவைத்தார். 2000-களின் தொடக்கத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபை அந்தத் திடலை ஒரு தனியார் நிறுவனத்தின் கேளிக்கைத் திட்டத்துக்குக் கொடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டது. சபை தரமாட்டேன் என்றது. வழக்கு போயிற்று. இலங்கையில் அப்போது தகவல் அறியும் சட்டமே கிடையாது. அது 2016-இல்தான் வந்தது. ஆனாலும் 2005-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், பேச்சுரிமைக்குள்ளேயே தகவல் பெறும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்று கண்டு, திடலைக் காப்பாற்றியது.

அந்தத் திடலை ஒட்டி இருந்த ராணுவத் தலைமையகத்து நிலம் பிறகு சொகுசு விடுதிக்கு விற்கப்பட்டது. இன்று அங்கே கோபுரங்கள் நிற்கின்றன. திடல் மட்டும் திடலாக இருக்கிறது. 2022 ஏப்ரலில், அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்த சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுசேர்ந்து உட்கார்ந்த இடம் அதுதான். 2005-இல் அது கேளிக்கை வளாகமாகியிருந்தால் அவர்கள் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள்? 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய லட்சக்கணக்கான இளைஞர்களில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். விடுதலைப் போராட்டக் காலத்தில் திலகர் திடல் என்று பெயர் பெற்றதும் அதே மணலின் ஒரு பகுதிதான். மக்கள் கூடுவதும் ஒரு பயன்பாடு. எந்தப் பதிவேட்டிலும் அதற்குக் கலம் இல்லை.

பயன்பாடு கணக்கில் வராத இந்தக் கதி கட்டடம் இருக்கிற நிலத்துக்கும் வரும். 1914-இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி சென்னையின் முதல் மகளிர் கல்லூரி. மெரினாவை நோக்கி நிற்கிறது. 2003-இல் அதை இடித்துவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவு செய்தது. கல்லூரியை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ஏழை வீட்டுப் பெண்கள், பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். பேருந்தில் வந்து இறங்கும் தூரத்தில் இருந்ததால்தான் அவர்களால் படிக்க முடிந்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றும் நடக்கிறது. நிலத்தின் சந்தை மதிப்பைக் கணக்குப் போட்டவர்களுக்கு அந்தப் பேருந்து நிறுத்தத்தின் மதிப்பு தெரியவில்லை.

மன்ற உறுப்பினர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். சொத்து வரியும் கடை வாடகையும் வைத்துக்கொண்டு துப்புரவுப் பணியாளர் சம்பளம், தெருவிளக்குக் கரண்ட் பில், குடிநீர்க் கட்டணம் எல்லாம் சமாளிக்க வேண்டும். அறிவுசார் மையம் கட்ட இடம் வேண்டும், குப்பைக் கிடங்குக்கு இடம் வேண்டும், வீடில்லாதவர்களுக்கு இடம் வேண்டும். எல்லாப் பொது நிலத்தையும் தொடாமல் வைத்திருங்கள் என்று மேடையில் பேசிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்லவில்லை. மூன்று சென்ட் இல்லாமல் குளத்தோரத்தில் குடிசை போட்டிருக்கிற குடும்பத்துக்கு வீட்டு மனை கொடுப்பதைவிடப் பெரிய பொதுக் காரியம் எனக்குத் தெரியாது.

கோவையையே பாருங்கள். 2010-இல் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று எட்டுக் குளங்களை மாநகராட்சி பொதுப்பணித் துறையிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. 2016-இல் கோவை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்ததும் கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தன. சாயங்காலம் உக்கடம் கரையில் குடும்பம் குடும்பமாக மக்கள் நடப்பதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்களும் முதியவர்களும் வெளியே வந்திருக்கிறார்கள். அதே நேரத்தில் முத்தண்ணன் குளம் என்று நாம் சொல்கிற குமாரசாமி குளத்தின் கரையில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். வீடு கிடைத்தது. டவுன்ஹால் பக்கம் வீட்டு வேலைக்கும் பூக்கடைக்கும் நடந்தே போய்க்கொண்டிருந்த பெண்ணுக்கு இப்போது இரண்டு பஸ். சிங்காநல்லூர்க் குளம் வேறு வழியில் போயிற்று: 2017-இல் அதைப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்தது. ஒரே மாநகராட்சி, ஒரே குத்தகை, மூன்று குளத்துக்கு மூன்று விதமான எதிர்காலம். எந்தக் குளத்துக்கு எது என்று தீர்மானித்த நாளில் கரையில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த அறையில் இருந்தார்கள் என்பதுதான் எனக்குள் இருக்கிற கேள்வி.

இதற்கு ஒரு வழி காட்டும் சட்டம் இங்கிலாந்தில் 2011-இல் வந்தது. ஊருக்குப் பயன்படுகிற நிலம், கட்டடம் எதையும் மக்கள் மனுக் கொடுத்து ஒரு பட்டியலில் சேர்க்கலாம். பட்டியலில் இருப்பதை விற்க நினைத்தால் உரிமையாளர் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஊர்க்காரர்கள் சொன்னால் பணம் திரட்ட அவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம். அங்கேயும் ஏழை ஊர்களால் ஆறு மாதத்தில் பணம் புரட்ட முடிவதில்லை என்ற குறை உண்டு. நமக்கு வாங்கும் உரிமைகூடத் தேவையில்லை. அந்தப் பட்டியல் போதும். விற்பதற்கு முன்னால் பட்டியல், கட்டுவதற்கு முன்னால் பட்டியல், "காலி" என்று எழுதுவதற்கு முன்னால் பட்டியல்.

அதை அன்னூரிலேயே செய்யலாம். கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல, நகர்ப்புறங்களுக்கும் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளிலிருந்து பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. சாக்கடை, தெருவிளக்கு என்று பேசிக் கலைகிற அந்தக் கூட்டத்தில் பேரூராட்சியின் சொத்துப் பதிவேட்டை ஒரு முறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். குளத்தோரத்தில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணையும் வாசிக்க வேண்டும். எந்த வழியில் வந்தது, பழைய 'அ' பதிவேட்டில் என்ன எழுதியிருந்தது, இப்போது என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து. வாசிக்கும்போது ஆடு மேய்க்கிறவரும், மீன் குத்தகை எடுத்தவரும், கரையில் துணி துவைக்கிறவரும், பொங்கலுக்குப் பட்டி போடுகிறவரும் தங்கள் பயன்பாட்டைச் சொல்லட்டும். எந்த மாதம், எந்த நேரம் என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு முழுக்க, மழையிலும் கோடையிலும் பார்த்து எழுதினால்தான் அது நிறைவாகும். நம் கல்லூரி மாணவர்கள் அந்த வேலையைச் செய்வார்கள். இன்று முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் கையில் இருக்கிற போனே போதும், இடத்தைக் குறித்துப் படம் எடுக்க.

அதற்குப் பிறகும் ஒரு துண்டு நிலம் யாருக்கும் உபயோகமில்லாமல் நிற்குமானால், அதில் என்ன செய்யலாம் என்று பேசுவோம். அப்போதும் விற்க வேண்டாம். ஐந்து வருஷம் பதவியில் இருக்கிற மன்றம் நூறு வருஷத்துக்கான முடிவை எடுக்கக் கூடாது. குத்தகைக்கு விடுங்கள், குறைந்த காலத்துக்கு விடுங்கள், ஒப்பந்தம் முழுவதையும் பேரூராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். வாடகை என்ன, எத்தனை ஆண்டு, கரையில் நடக்கிற வழி யாருக்கும் மறிக்கப்படாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று ஆறாம் வகுப்புப் படித்தவர்கூட வாசித்துப் பார்க்க வேண்டும். தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டு முப்பது நாள் காத்திருக்கிற வேலை எதற்கு?

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு முன்னால் இதை ஒரு தீர்மானமாக மன்றத்தில் வைக்கும்படி பேரூராட்சித் தலைவர் அவர்களையும் உறுப்பினர்களையும் இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்தின் வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். கூட்டம் முடிந்ததும் செயல் அலுவலரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். திருத்த வேண்டியது இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பயன்பாட்டுப் பட்டியலுக்கான படிவமும் அதோடு இருக்கிறது. முதல் கலத்தில் சர்வே எண், இரண்டாவதில் மாதம், மூன்றாவதில் நேரம், நான்காவதில் யார், ஐந்தாவதில் எதற்காக. படிவத்தை நிரப்பத் தயாராக இருக்கிற மாணவர்கள் இங்கேயே பெயர் கொடுக்கலாம்.